கதிர்ப்படமும் கற்றோர் சங்கமும்

திருப்பனந்தாளைச் சூழ்ந்த கழனிகளில் உழவர் ஒவ்வொருவரும் தத்தம் நிலத்தைத் தாமே பேணுவர். எனினும், பொது வாய்க்கால் தூர்ந்தவிடத்து ஊரார் ஒருங்கு கூடி அதனைச் செம்மை செய்தல் பண்டை வழக்கம். இதனைக் குடிமராமத்து என்பர். தனியொருவரால் ஆகாது பலர் கூடியே ஆற்றவேண்டிய பணி மருத்துவத்திலும் உண்டு. கதிர்ப்படத் துறையில் அஃது யாதென ஈண்டு ஆராய்வோம்.

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். உடலைக் கீறாமலே எலும்பைக் காணலாம் என்றறிந்த மருத்துவர் பெருமகிழ்வு எய்தினர். ஆயின் அக்கதிர் கண்ணுக்குப் புலனாகாது. மெய்யிற் படும்போது நோவும் தாராது. அதன் வலிமையை அறியப் பலர் தங்கையையே அதன்முன் நீட்டிப் பார்த்தனர். ஆண்டுகள் கழிந்தபின் கைகள் புண்பட்டன. சிலர் விரல்களை இழந்தனர். சிலர் புற்றுநோயால் மாண்டனர். கதிரால் உயிர்நீத்த 169 பேரின் பெயர்களைப் பொறித்து, 1936-இல் ஹாம்பர்க் நகரில் ஜெர்மன் ராண்ட்ஜன் சங்கத்தார் நினைவுக்கல் நாட்டினர்.

இவர்கள் கல்லாதார் அல்லர். தீங்கு பல்லாண்டு கழித்தே வெளிப்படுமாயின், ஒருவர் தம் அனுபவம் ஒன்றையே கொண்டு அதன் காரணத்தை அறிதல் யாங்ஙனம்? பலர் கண்டவற்றை ஒப்பிட்டாலன்றி உண்மை விளங்காது. பலர் உடன்பட்டாலன்றி அளவும் அளவாகாது. 1928-இல் ஸ்டாக்ஹோமிற் கூடிய உலகக் கதிரியல் மாநாடு கதிரை அளக்கப் பொது அலகொன்றை ஏற்று, காப்புக்கெனக் குழுவொன்றையும் அமைத்தது.

நம் நாட்டில் இந்தியக் கதிரியற் சங்கம் 1931-இல் தோன்றிற்று. சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-இல் திறக்கப்பெற்றது. சங்கத்தின் ஆராய்ச்சி இதழ் 1947-இல் தொடங்கிற்று. ஒலியலைப்படம், காந்தப்படம் முதலியனவும் இன்று இத்துறையுள் அடங்கும்.

கதிரின் அளவுக்கு வரம்பிடுதல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கடமை. கருவிலுள்ள மகவு ஆணோ பெண்ணோ என வெளியிடுதலை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. அங்ஙனமாயின் சங்கம் எற்றுக்கு எனின், படமெடுக்கும் அறையுள் அதிகாரி எப்பொழுதும் நிற்பதில்லை. ஆண்டு மருத்துவரைக் காப்பன அவர் பெற்ற பயிற்சியும், உடன்தொழில் புரிவோர் முன் தலைகுனியலாகாது என்னும் நாணமுமே. இவ்விரண்டையும் வளர்த்தலும், வேண்டாத படத்தை எடாதிருக்கக் கற்பித்தலும் சங்கத்தின் தலையாய பணிகளாம்.

புலவர் தம் நூலைச் சங்கத்தார் முன் வைத்துக் குற்றங்குணம் ஆராயப்பெற்றனர் என்பது தமிழ் கற்கும் நாம் வழிவழியாய்க் கேட்டுவரும் செய்தி. நூலிற் பிழை நேரின் பின்னர்த் திருத்தலாம். கதிர்முன் நிற்கும் நோயாளியோ அதன் அளவையும் அறியார். தம் படத்தைப் படிக்கவும் அறியார். நம்பி நிற்றலொன்றே அவர் செய்யக்கூடுவது. அந்நம்பிக்கைக்குப் பிணைநிற்பதே சங்கத்தின் கடன் என்பது நம் துணிபு.