குறி எப்படிப் பலிக்கிறது?

அன்புள்ள மருமகளே,

உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கி சொன்னது அப்படியே நடந்துவிட்டதே, எப்படி மாமா என்று கேட்டு எழுதியிருந்தாய். நல்ல கேள்வி. அதற்காக, குறியை நம்பும் ஆச்சியை விவரம் தெரியாதவள் என்று நினைத்துவிடாதே.

நம் கோவில்பட்டிக் கரிசலில் பெரும்பாலும் மானாவாரிதான். புரட்டாசியில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறோம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குவது வழக்கம். ஆனால் முளைத்த பயிருக்கு அடுத்த மழை எப்போது என்று யாருக்குத் தெரியும்? பாடுபடுவது நாம், விளைவது நம் கையில் இல்லை. குறி அங்கேதான் நுழைகிறது. பசிபிக் கடலின் டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி இதையேதான் கண்டார். ஆபத்தில்லாத கடற்கழியில் மீன் பிடிக்க அந்த மக்களுக்கு மந்திரம் தேவைப்படவில்லை. ஆழ்கடலுக்குப் போகும்போதுதான் பெரிய பெரிய சடங்குகள்.

மழை வேண்டிக் கொடும்பாவி இழுப்பதை யோசித்துப் பார். மழை நாலு நாள் தள்ளிப்போனதற்கா இழுக்கிறார்கள்? பயிர் வாடி, ஊரே பொறுக்கமுடியாமல் போன பிறகுதானே. பருவம் அப்போது பாதியில் நிற்கும். எப்படியும் ஒரு மழை வருவதற்கு வாய்ப்பு அதிகம். பெய்தால் பெருமை கொடும்பாவிக்கு. பெய்யாத வருஷத்தை யாரும் கதையாகச் சொல்வதில்லை. காய்ச்சலும் இப்படித்தான். அனலாய்க் கொதிக்கிற அன்றைக்குத்தான் விபூதி வாங்க ஓடுகிறோம். பெரும்பாலான காய்ச்சல் அதற்குப் பிறகு தானாகவே இறங்கும்.

இனி கோடாங்கியின் வாக்கு. 1948-ல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேரிடம் ஆளுக்கொரு குணக்குறிப்பு கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் எல்லோருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு. பெரும்பகுதி கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. "வீட்டுக்குள்ள ஒரு பொம்பள மனசு வெந்துக்கிட்டிருக்கு" என்று உடுக்கை அடித்துச் சொன்னால், அது எந்த வீட்டுக்குப் பொருந்தாது? கேட்பவர் கண் கலங்கினால் அந்த வழியில் பேச்சு வளரும். முகம் மாறாவிட்டால் வேறு பக்கம் திரும்பும். கோடாங்கி ஏமாற்றுகிறார் என்று சொல்லமாட்டேன். தலையாட்டும் முகங்களையே பார்த்துப் பார்த்து, தம் வாக்கு பலிப்பதாக அவரும் மனதார நம்புகிறார்.

அடுத்த முறை குறி கேட்டு வந்ததும் சொன்னதை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வை. நடந்ததை மட்டும் அல்ல, நடக்காததையும் குறி. ஆச்சியோடு வாதாட வேண்டாம். தைப்பொங்கல் கழிந்து இருவரும் சேர்ந்து படித்துப் பாருங்கள்.

பாம்புக்கடியில் மட்டும் இந்தப் பொறுமை கூடாது. காட்டில் கடிக்கும் பாம்புகளில் பலவற்றுக்கு விஷம் கிடையாது. விரியனோ நல்லபாம்போ கடித்தால்கூடச் சில சமயம் விஷம் இறங்கியிருக்காது. மந்திரித்துப் பார்வை பார்ப்பவர் காப்பாற்றியதாகச் சொல்லும் உயிர்களில் பல இப்படிப் பிழைத்தவைதான். விஷம் ஏறியவருக்கு மந்திரித்துக் கழியும் ஒவ்வொரு நிமிஷமும் ஆபத்து. கடித்த இடத்தைக் கீறவோ இறுக்கிக் கட்டவோ விடாதே. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போ. விஷமுறிவு ஊசிதான் மருந்து. ஆச்சி மனம் கேட்காவிட்டால், வண்டி கிளம்பிய பிறகு விபூதி பூசிவிடட்டும்.

அன்புடன்,
மாமா