50 சதவீதம் வேகம் அதிகம் என்றால் நேரம் பாதியாகுமா?

உழவுப் பருவம் தொடங்கியதும் வாடகை டிராக்டர்கள் ஊருக்குள் வரத் தொடங்கும். "பழைய வண்டியைவிட இது 50 சதவீதம் வேகம் அதிகம், வாடகை 40 சதவீதம்தான் கூடுதல்" என்று வண்டிக்காரர் சொன்னால், கேட்கும் விவசாயிக்கு லாபம் என்றே தோன்றும். 2 மணி நேரம் பிடித்த ஓர் ஏக்கர் உழவு இனி 1 மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று அவர் மனக்கணக்குப் போடுவார். இந்தக் கணக்கு தவறு.

வேகம் 50 சதவீதம் அதிகம் என்றால், முன்பு 1 ஏக்கர் உழுத நேரத்தில் இப்போது ஒன்றரை ஏக்கர் உழலாம் என்றுதான் பொருள். ஒன்றரை ஏக்கருக்கு 2 மணி நேரம் என்றால், ஓர் ஏக்கருக்கு 1 மணி 20 நிமிடம் ஆகும். மிச்சமாவது 40 நிமிடம். அதாவது மூன்றில் ஒரு பங்கு. நேரம் பாதியாக வேண்டுமானால் வேகம் 100 சதவீதம் கூடியிருக்க வேண்டும்.

பழைய வண்டிக்கு மணிக்கு 1,000 ரூபாய், புதிய வண்டிக்கு 1,400 ரூபாய் என்று கொண்டால் வேறுபாடு விளங்கும். பழைய வண்டியில் ஏக்கருக்கு 2,000 ரூபாய் ஆகிறது. புதிய வண்டியில் 1,400 ரூபாயோடு முடியும், 600 ரூபாய் மிச்சம் என்பது விவசாயியின் எண்ணம். ஆனால் 1 மணி 20 நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,867 ரூபாய் ஆகும். மிச்சம் 133 ரூபாய்தான்.

இதுவும் வண்டி நேராக ஓடிக்கொண்டே இருந்தால்தான். சிறு விவசாயிகளின் நிலம் பெரும்பாலும் 20 சென்ட், 25 சென்ட் துண்டுகளாக இருக்கிறது. ஒவ்வொரு சாலும் முடிந்ததும் வரப்போரம் நின்று, கலப்பையைத் தூக்கி, வண்டியைத் திருப்பி இறக்க வேண்டும். இந்த நேரம் வண்டியின் வேகத்தால் அதிகம் குறைவதில்லை. 2 மணி நேரத்தில் 30 நிமிடம் திரும்புவதற்கே போகிறது என்றால், மீதமுள்ள 90 நிமிடம்தான் 60 நிமிடமாகக் குறையும். மொத்தம் 1 மணி 30 நிமிடம். கூலி 2,100 ரூபாய். வேகமான வண்டியை அமர்த்தி 100 ரூபாய் கூடுதலாகக் கொடுத்ததுதான் மிச்சம்! துண்டு நிலம் உள்ளவர்கள் மணிக் கணக்கை விட்டு, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, சாலின் ஆழத்தை மட்டும் கூடவே நின்று பார்த்துக்கொள்வது நல்லது.

எழுதிப் பார்க்க வசதி இல்லாதவர்கள் பங்குக் கணக்கில் நினைவு வைத்துக்கொள்ளலாம். வேகம் கால் பங்கு கூடினால் நேரம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். மூன்றில் ஒரு பங்கு கூடினால் கால் பங்கு குறையும். அரைப் பங்கு கூடினால் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

பம்பு செட்டுக்கும் இதே கணக்குத்தான். ஓர் ஏக்கரில் 5 சென்டிமீட்டர் ஆழம் நீர் நிறுத்த ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் தேவை. நிமிடத்துக்கு 300 லிட்டர் இறைக்கும் பம்பு இதற்கு 11 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓட வேண்டும். 400 லிட்டர் இறைப்பது 8 மணி 20 நிமிடத்தில் முடித்துவிடும். இறைப்பு கூடியது 33 சதவீதம்; நேரம் குறைந்தது 25 சதவீதம்.

ஆகவே இரண்டு விளம்பரங்களை ஒப்பிடும்போது, எது வேகம், எது நேரம் என்று முதலில் பார்க்க வேண்டும். ஒன்றில் "வேகம் 60 சதவீதம் அதிகம்" என்றும், மற்றொன்றில் "நேரம் 40 சதவீதம் மிச்சம்" என்றும் இருந்தால், 60தான் பெரிது என்று முதலாவதை வாங்கிவிடக் கூடாது. முதல் இயந்திரம் மிச்சப்படுத்தும் நேரம் முப்பத்தேழரை சதவீதம்தான். சிறிய எண்ணைச் சொன்ன இரண்டாவதே வேகமானது.

மடங்குக் கணக்கில் குழப்பம் இன்னும் அதிகம். 300 லிட்டர் பம்பைவிட "ஒரு மடங்கு அதிகம்" என்றால் 600 லிட்டர். "இரண்டு மடங்கு" என்றாலும் 600தான். "இரண்டு மடங்கு அதிகம்" என்றால்? 600ஐ நினைத்தே பலர் அப்படிச் சொல்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 900 ஆகிறது. "200 சதவீதம்" என்பதற்கும் "200 சதவீதம் அதிகம்" என்பதற்கும் இதே 300 லிட்டர் வேறுபாடு உண்டு. "மூன்று மடங்கு மெதுவு" என்பதற்கோ பொருளே இல்லை. வேகம் 100 சதவீதம் குறைந்தாலே பம்பு நின்றுவிடும். 300 சதவீதம் குறைந்தால் வயலில் பாய்ந்த தண்ணீர் கிணற்றுக்கே திரும்ப வேண்டியதுதான். மூன்றில் ஒரு பங்கு வேகம் என்று சொல்வதே சரி.

வாங்குகிறவர் சதவீதத்தையும் மடங்கையும் ஒதுக்கிவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை அடி உயரத்துக்கு என்று கேட்டு, அதைப் பில்லில் எழுதி வாங்கலாம். உயரம் கூடக் கூட அதே பம்பு குறைவாகவே தண்ணீர் தள்ளும் என்பதால், உயரத்தைச் சொல்லாத லிட்டர் கணக்கு பயன்படாது.

பம்பைப் பொருத்தியதும் 200 லிட்டர் பீப்பாய் ஒன்றைக் குழாய்வாயில் வைத்து, கடிகாரம் பார்த்து மூன்று முறை நிரப்பிப் பார்க்க வேண்டும். 30 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 400 லிட்டர். 40 விநாடி ஆனால் 300 லிட்டர். அன்று கிணற்றில் தண்ணீர் தரையிலிருந்து எத்தனை அடி கீழே இருக்கிறது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கார்த்திகையில் கிணறு நிறைந்திருக்கும்போது எடுத்த அளவையும், சித்திரையில் தண்ணீர் இறங்கியபின் எடுத்த அளவையும் ஒப்பிட்டு, பம்பின் வேகம் குறைந்துவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடத் தேவையில்லை.