மலைவழிப் பயணம்

வழிச்செலவுக்கு முன்னரே வழியின் இயல்பை ஆராய்ந்தறிதல் தமிழரின் தொன்மையான வழக்கம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் இதற்குச் சான்றாகும். பெருங்கௌசிகனார் இயற்றிய இந்நூலில், செங்கம் பகுதியை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், அவனை நாடிச் செல்லும் மற்றொரு கூத்தனுக்கு மலைவழியை எடுத்துரைக்கின்றான். அருவியின் அழகை மட்டும் சொல்லி அவன் அமைந்துவிடவில்லை. காட்டுப்பன்றிக்கு வைத்த பொறி எங்கே உள்ளது, பாறை எங்கே வழுக்கும், கானவரின் கவண்கல் எங்கே பாய்ந்து வரும் என்பனவற்றையும் கூறி எச்சரிக்கின்றான். மலையின் அழகும் இடரும் இணைந்தே இருப்பவை. இரண்டையும் அறிந்து புறப்படுபவனே இனிது சென்று இனிது மீள்வான்.

இக்காலத்தில் மலைகளுக்குச் செல்லத் தார்ச்சாலை உண்டு. விரைந்தோடும் கார் உண்டு. ஆயினும் வழியை ஆராயும் கடமை நம்மை விட்டு நீங்கிவிடவில்லை. சென்னைக்கு மேற்கே, ஏரியும் இரயில் நிலையமும் அமைந்த கொரட்டூரில் ஒரு குடும்பம் வாழ்கின்றது என்று கொள்வோம். அக்குடும்பத்தார் விடுமுறையில் ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை ஆகிய மூன்றையும் காரிற் சென்று கண்டுவர விரும்புகின்றனர். அவர்கள் எவ்வாறு திட்டமிடுதல் வேண்டும்?

முதலில் நிலப்படத்தை விரித்து வழியைக் குறிக்க வேண்டும். கொரட்டூரிலிருந்து பூந்தமல்லியை அடைந்து, திருப்பெரும்புதூர், வாலாசாப்பேட்டை, வேலூர், ஆம்பூர் வழியாக வாணியம்பாடி சென்றால் ஏலகிரி அண்மையில் உள்ளது. அங்கிருந்து திருப்பத்தூர், ஊத்தங்கரை, அரூர் ஆகிய ஊர்களைக் கடந்து சேலத்தை அடைந்து, ஏற்காட்டுக்கு ஏறலாம். பின்னர் இராசிபுரம் வழியாகக் காரவள்ளி என்னும் அடிவாரத்தை அடைந்து கொல்லிமலைக்குச் செல்லலாம். திரும்பும்போது ஆத்தூர், கள்ளக்குறிச்சி, விழுப்புரம், திண்டிவனம், செங்கற்பட்டு ஆகிய ஊர்கள் வழியே தாம்பரத்தை அடைந்து, புறவழிச் சாலையில் அம்பத்தூர்ப் பக்கமாக வீடு திரும்பலாம். சென்ற வழியே மீளாமல் வேறு வழியே மீள்வதால் புதிய ஊர்களையும் காண இயலும்.

இச்சுற்றுவழி ஏறத்தாழ 850 கிலோமீட்டர் நீளமுடையது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் பதினான்கு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்கு கூறும். ஆகவே இரண்டு மூன்று நாள்கள் போதும் என ஒருவர் எண்ணக்கூடும். அக்கணக்கு சமவெளிக்குப் பொருந்தும், மலைக்குப் பொருந்தாது. மலைவழியைக் கிலோமீட்டரால் மட்டும் அளத்தல் தகாது. வளைவுகளாலும் அளத்தல் வேண்டும்.

ஏலகிரிப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் பாதையில் 20 வளைவுகளும், காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 வளைவுகளும் உள்ளன. ஏறும்போது 104, அவ்வழிகளிலேயே இறங்கினால் மேலும் 104, ஆக மொத்தம் 208 வளைவுகள்! ஒவ்வொரு வளைவிலும் வேகம் மிகக் குறைய வேண்டும். எதிரே வரும் வண்டிக்கு இடம் தர வேண்டும். கொல்லிமலைப் பாதை ஒன்றைக் கடக்கவே ஒரு மணி நேரத்திற்கு மேலாகும். இவ்வுண்மையை அறிந்த பின்னர் அக்குடும்பத்தார் தம் பயணத்திற்கு ஆறு நாள்களை ஒதுக்குவர்.

முதல் நாள் விடியற்காலையில் புறப்பட்டால், நகரத்து வண்டி நெரிசலைத் தவிர்த்து நண்பகலுக்குள் ஏலகிரியை அடையலாம். ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ள இம்மலையின் வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களும் கடையெழு வள்ளல்களின் பெயர்களும் சூட்டப்பட்டுள்ளன. மாணவர்கள் தம் இலக்கிய அறிவை அவ்வழியே சரிபார்த்துக் கொள்ளலாம். இரண்டாம் நாள் ஏற்காடு செல்லுதல் வேண்டும். அன்றைய தொலைவு குறைவே. ஆயினும் ஒரு மலையிலிருந்து இறங்கி மற்றொரு மலையில் ஏற வேண்டியிருப்பதால், வேறு எதனையும் அன்று சேர்த்துக்கொள்ளலாகாது. மூன்றாம் நாள் ஏற்காட்டிலேயே தங்கி, ஏரியையும், காப்பித் தோட்டங்களையும், சேர்வராயன் மலைமுடியையும் காணலாம். வண்டி ஓட்டுபவருக்கும் அன்று ஓய்வு கிடைக்கும். நான்காம் நாள் கொல்லிமலையை அடையலாம். ஏலகிரி வளைவில் பெயராகக் கண்ட வல்வில் ஓரி ஆண்ட மலை இதுவே. ஐந்தாம் நாள் அறப்பளீசுவரர் கோயிலையும் ஆகாயகங்கை அருவியையும் கண்டு, ஆறாம் நாள் காலையில் ஊர் திரும்பலாம்.

வாணியம்பாடிக்கு அருகே ஆலங்காயம் வழியாகச் சென்றால், காவலூரில் 1986-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் 2.3 மீட்டர் தொலைநோக்கி உள்ள வானாய்வகத்தைக் காணலாமே என்று ஒருவருக்குத் தோன்றலாம். அது காணத்தக்க இடமே. ஆயினும் காணத்தக்கவற்றை எல்லாம் ஒரே பயணத்தில் அடக்க முயல்வது நன்றன்று. நேரம் குறையும்போது வேகம் மிகும். மலைப்பாதையில் வேகம் மிகுவதே விபத்துக்குக் காரணமாகும். சேர்ப்பதைக் காட்டிலும் விடுவதை அறிதலே திட்டமிடுதலில் அரிய பகுதியாகும்.

ஏறுவதைவிட இறங்குவதே அபாயம் மிக்கது என்பதை அறிவியல் கொண்டு தெளியலாம். ஆட்களுடன் 1,400 கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்று 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குவதாகக் கொள்வோம். உயரத்தால் அது பெற்றிருந்த ஆற்றல் எங்கோ செலவாதல் வேண்டும். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், அவ்வாற்றலின் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறும். அவ்வாற்றல் முழுவதும் வெப்பமானால், ஏறத்தாழ 45 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இவ்வாறு சூடேறிய பிரேக் தன் பிடிப்பை இழக்கும். ஆதலால் எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குதல் வேண்டும் என்பர் அனுபவமுள்ள ஓட்டுநர். அப்போது எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்; பிரேக் குளிர்ந்திருக்கும். எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணி எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்குதல் பெரும் பிழையாகும்.

குறுகிய பாதையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுதல் வேண்டும். வளைவுகளில் முந்துதலும் கூடாது. வண்டியை நிறுத்திப் படம் பிடித்தலும் கூடாது. இருட்டுமுன் தங்குமிடத்தை அடைதல் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண்சரிவு நேரக்கூடுமாதலால், புறப்படுமுன் வானிலைச் செய்தியையும் பாதையின் நிலையையும் கேட்டறிதல் இன்றியமையாதது. 1,000 மீட்டர் உயரம் ஏறும்போது வெப்பம் ஏறத்தாழ 6 பாகை செல்சியசு குறையும். ஆதலால் கொரட்டூர் வெயிலை மட்டும் எண்ணாமல் கம்பளி ஆடையையும் எடுத்துச் செல்லுதல் வேண்டும். எரிபொருளை அடிவாரத்திலேயே நிரப்பிக் கொள்வதும், ஏறுமுன் மிகுதியாக உண்ணாதிருப்பதும் நலம்.

இவை நம் நலத்துக்குரியவை. மலைவாழ் மக்களின் நலத்தையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நமக்கு அப்பாதை இன்ப உலா. அவர்களுக்கோ அதுவே வாழ்க்கைப் பாதை. மிளகும் பலாவும் காப்பியும் சந்தைக்கு இறங்குவதும், மாணவர் கல்லூரிக்குச் செல்வதும், நோயாளி மருத்துவமனையை அடைவதும் அவ்வழியே. வளைவில் நாம் நிறுத்தும் ஒரு கார் ஓர் உயிரின் வழியையே அடைத்துவிடக்கூடும். நாம் எறியும் நெகிழிப் பை அவர்களின் ஓடையை மாசுபடுத்தும்.

மலைகள் தாங்கும் அளவுக்கும் எல்லை உண்டு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் செல்வதற்கு மின்வழி அனுமதிச் சீட்டுப் பெறுதல் வேண்டும் என்னும் முறை, சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. மக்கள் தாமே அளவறிந்து நடந்தால் ஆணைகளுக்குத் தேவை குறையும்.

மாணவர்களே! நீங்கள் மலைவழி செல்லும் நாளில் நிலப்படத்தையும் நாட்குறிப்பையும் கையில் எடுத்துக் கணக்கிடுங்கள். ஊர்களின் பட்டியலை நீட்டாமல் ஓய்வுக்கும் இடம் விடுங்கள். கூத்தனுக்கு வழிகாட்டிய பண்டைக் கூத்தனைப் போல, பின்னே வருவோர்க்கு நீங்கள் கண்ட அழகையும் அறிந்த இடரையும் ஒருங்கே எடுத்துக் கூறுங்கள். விரைந்து செல்பவன் பாதையை மட்டுமே காண்கிறான். நிதானமாகச் செல்பவனே மலையைக் காண்கிறான்.