முடிவுறாத இறந்தகாலம்

ஸ்பானிய மொழியில் இறந்தகாலத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒரு காரியம் நடந்து தீர்ந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல ஒன்று. முன்னாளில் வழக்கமாக நடந்துவந்ததையோ, வேறொன்று குறுக்கிட்ட சமயத்தில் நடந்துகொண்டிருந்ததையோ, அக்காலத்து நிலைமையையோ வர்ணிக்க மற்றொன்று. இந்த இரண்டாவதற்கு, 1492இல் காஸ்டிலிய மொழிக்கு முதன்முதலாக இலக்கணம் அச்சிட்ட அந்தோனியோ தெ நெப்ரிஹா, ‘முடிவுறாத இறந்தகாலம்’ என்று பொருள்படும் பெயரை இட்டார். கராக்காஸில் பிறந்து சிலி நாட்டில் மறைந்த ஆந்த்ரேஸ் பெல்லோவோ, 1847இல் அமெரிக்கக் கண்டத்தாருக்கென்று எழுதிய இலக்கணத்தில், இன்னொரு செயலோடு கூடவே நிகழ்ந்தது என்ற கருத்து விளங்கும்படி வேறு பெயர் சூட்டினார். படிக்கிறவனுக்குப் பெல்லோவின் பெயரே அதிக உபகாரமானது என்பது என் அபிப்பிராயம்.

சிட்னியின் மேற்கே பென்டில் ஹில்லில் வசித்துக்கொண்டு, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் இம்மொழியைப் படிக்கப் புகுந்த எனக்கு, நிகழ்காலத்தில் பக்கம் பக்கமாக விதிவிலக்குகளை அடுக்கி மாணவனைத் திணற அடிக்கும் அதன் வியாகரணம் இந்தக் காலத்தில் மட்டும் மூன்றே மூன்று விலக்குகளோடு திருப்தியடைந்துவிடுகிறது என்பது பெரிய ஆறுதலாக இருந்தது. இருத்தலைக் குறிக்கும் ‘ஸெர்’, போதலைக் குறிக்கும் ‘ஈர்’, பார்த்தலைக் குறிக்கும் ‘பெர்’ என்பவையே அவை. முதலாவது ஏரா, ஏராஸ், ஏராமோஸ், ஏரான் என்றும், இரண்டாவது ஈபா, ஈபாஸ், ஈபாமோஸ், ஈபான் என்றும், மூன்றாவது பெயீயா, பெயீயாஸ், பெயீயாமோஸ், பெயீயான் என்றும் திரியும். ஸ்பெயின் தேசத்தார் மட்டும் வழங்கும் முன்னிலைப் பன்மை ஒன்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. தென்னமெரிக்கர்களோடு பேச விரும்புகிறவர் அதை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம்.

இவற்றை மனனம் செய்வதற்கு முன் இவை ஏன் இப்படி இருக்கின்றன என்று விசாரித்தறிவது நல்லது. ஏராவும் ஈபாவும் லத்தீனில் வழங்கிய பழைய ரூபங்கள், அதிகம் தேயாமல் அப்படியே வந்து சேர்ந்தவை. அன்றாடம் எல்லார் நாவிலும் புழங்கிய சொற்களாகையால் பிற வினைகளைப் போல் பொது விதிக்கு இணங்க வேண்டிய அவசியம் அவற்றுக்கு நேரவில்லை. பார்த்தலைக் குறிக்கும் வினையோ முற்காலத்தில் ‘பெயெர்’ என்று இரண்டு எகரங்களோடு இருந்தது. அகராதியில் காணும் மூல வடிவத்தில் ஒன்று உதிர்ந்துபோக, இந்த இறந்தகாலம் மட்டும் பழைய எகரத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. ஆதலால் அதை விலக்கு என்பதே சற்று மிகை.

இனி, தமிழருக்கு இதில் பிறவியிலேயே வாய்த்த ஓர் அநுகூலத்தைச் சொல்ல வேண்டும். ‘தாத்தா விடியற்காலையில் ஆற்றுக்குப் போவார், திரும்பும்போது பிள்ளையாரைப் பார்ப்பார்’ என்று, காலமாகி முப்பது வருஷமான தாத்தாவைப் பற்றி எதிர்கால வினையில் நாம் பேசுகிறோம். கேட்பவர் எவரும் மயங்குவதில்லை. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு காலங்கள் ஒன்றினிடத்தில் மற்றொன்று வரலாமென்று நன்னூலில் பவணந்தி முனிவர் இடங்கொடுத்திருக்கிறார் அல்லவா? அந்தத் தாத்தாவின் ‘போவார்’ ஸ்பானியத்தில் ஈபா, ‘பார்ப்பார்’ பெயீயா. நேற்று ஒருமுறை ‘போனார்’ என்றால் ஃபுவே. ஆங்கிலத்தின் வழியாக இதைப் பிடிக்க முயலுவது வீண் சுற்று. அங்கே ஒரே எளிய இறந்தகாலம் இரண்டு வேலைகளையும் செய்துவிடுகிறது.

ஆனால் நம் ‘இருந்தார்’ விஷயத்தில் எச்சரிக்கை தேவை. ‘அவர் ஆசிரியராக இருந்தார்’ என்பது நிலைமையை வர்ணிக்கிறதா, முடிந்துபோன ஓர் அத்தியாயத்தைச் சொல்கிறதா என்பதைத் தமிழ் வினை காட்டாது. மணி, ஒருவருடைய குணம், ஊரின் தோற்றம் ஆகியவை பின்னணியாக வரும்போது ஏரா என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிசகாது. ‘மணி மூன்று’ என்பதற்குப் பன்மையில் ஏரான் வரும். ஒரு மணிக்கு மட்டும் ஏரா. நம் ‘ஒரே ஒரு ஊரிலே’ போல அவர்கள் கதை தொடங்கும் வாசகத்திலும், ‘ஏராஸே ஊனா பேஸ்’ என்று, இதே வினைதான் முன்னே நிற்கிறது. ஸெர், ஈர் இரண்டுக்கும் முடிந்த இறந்தகாலம் ஃபுவே என்னும் ஒரே உருவமாக இருப்பதும், முடிவுறாத காலத்தில் அவை தெளிவாகப் பிரிந்து நிற்பதும் ரசிக்கத்தக்க விசேஷம்.

அப்பியாசத்துக்குப் புத்தகத்தைவிட முதியோர்களே சிறந்தவர்கள். பென்டில் ஹில்லிலிருந்து பாரமட்டா, மெரிலாண்ட்ஸ் வழியாக ரயிலில் போனால் ஃபேர்ஃபீல்ட். 1973ஆம் வருஷத்து ராணுவப் புரட்சிக்குப் பிறகு சிலியை விட்டு வந்தவர்கள் பலர் குடியேறிய பகுதி அது. மெல்பர்ன்காரர்களுக்கு ஃபிட்ஸ்ராயின் ஜான்ஸ்டன் தெரு இருக்கிறது. 1960 முதல் ‘மார்த்தா திட்டம்’ என்ற ஏற்பாட்டில் குடும்பமின்றி விமானமேறி வந்த ஸ்பானிய இளம் பெண்களின் தலைமுறையை அந்நகரம் கண்டது. இத்தகையவர்களிடம் ‘நேற்று என்ன செய்தீர்கள்?’ என்று கேட்பது பிரயோஜனமற்றது. சிறுவயதில் வீடு எப்படி இருந்தது, பள்ளிக்கூடம் எப்படிப் போவீர்கள், ஜன்னலில் எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டுவிட்டு மௌனமாக உட்கார வேண்டும். மூன்று வினைகளும் மழைபோல் பொழியும்.

சிலி நாட்டார் சொல்லின் கடைசி ஸகரத்தை விழுங்கிவிடுவதால் ‘நீ போவாய்’ என்பதும் ‘அவர் போவார்’ என்பதும் புதியவன் காதுக்கு ஒன்றாகவே விழும். யாரைப் பற்றிய பேச்சு என்பதைச் சந்தர்ப்பத்தைக் கொண்டே அறிய வேண்டும். ஈபாவில் வரும் பகரம் நம் ‘கோபம்’ என்னும் சொல்லில் உள்ளது போன்றது, அதைவிடவும் மெலிந்தது; உதடுகளை அழுத்தி மூட வேண்டாம். ஈபாமோஸ், ஏராமோஸ் இரண்டிலும் அழுத்தம் முதல் அசையில் விழும்; பெயீயாமோஸிலோ ஈகாரத்தில்.

கடைசியாக ஒரு பிரயோகம். ஈபாவோடு ‘ஆ’ என்ற இடைச்சொல்லும் இன்னொரு வினையும் சேர்ந்தால், செய்வதாக இருந்து பெரும்பாலும் செய்யாமற்போன காரியம் என்று பொருள். ‘உங்களுக்குப் போன் பண்ணலாம் என்றுதான் இருந்தேன்’ என்று நாம் சொல்வோமே, அது அவர்கள் வாயில் ‘ஈபா ஆ யமார்லே’. என்னோடு பேசிப் பழகிய ஃபேர்ஃபீல்ட் பெரியவர் ஒருவர் இதைச் சொல்லாமல் எந்த உரையாடலையும் ஆரம்பித்ததில்லை. போன் மட்டும் இன்றுவரை வந்ததில்லை.