தெளிந்த நீரில் தெரியாதவை

நீர் தெளிவாக இருந்தால் அது தூய்மையானது என்ற நம்பிக்கை கண்டியிலும் வலுவாக உள்ளது. ஆனால் கரைந்துள்ள பொசுபேற்றுக்கும் நைத்திரேற்றுக்கும் நிறமோ மணமோ இல்லை. 1999 இல் கண்டி வாவி மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசியால் மூடுண்டபோதுதான் அதில் ஊட்டப்பொருள் மிகுந்திருந்தது பலருக்குத் தெரியவந்தது. ஏரி இவ்வாறு ஊட்டம் மிகுந்ததாக மாற ஊட்டப்பொருள் பெருமளவில் தேவையில்லை. பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி அமைப்பின் 1982 வகைப்பாட்டின்படி, மொத்தப் பொசுபரசு லீற்றருக்கு 35 மைக்கிரோகிராமைத் தாண்டிய ஏரி ஊட்டம் மிகுந்தது. ஆயிரம் லீற்றர் நீரில் 35 மில்லிகிராம்!

இவ்வளவு நுண்ணிய அளவை விலையுயர்ந்த கருவிகளே காட்டும் என்பதும் சரியன்று. பொசுபேற்றை அளக்க மர்பி, ரைலி என்னும் ஆய்வாளர்கள் 1962 இல் வெளியிட்ட முறை இன்றும் உலகெங்கும் கைக்கொள்ளப்படுகிறது. அமில ஊடகத்தில் பொசுபேற்று மொலிப்டேற்றுடன் இணைகிறது. அசுக்கோபிக்கமிலம், அதாவது விற்றமின் சி, அந்தச் சேர்வையை நீல நிறமாக மாற்றுகிறது. சிறிதளவு அந்திமனி உப்பு இருந்தால் சில நிமிடங்களிலேயே நிறம் முழுமையடையும். செறிவு தெரிந்த கரைசல்களை வரிசையாக வைத்து, நீண்ட குழாய்களின் வழியே மேலிருந்து பார்த்தால் கண்ணாலேயே ஒப்பிடலாம். நிறமானி இருந்தால் இன்னும் நுட்பமாக அளக்கலாம்.

உண்மையான சிரமம் மாதிரி எடுக்கும் போத்தலில்தான் இருக்கிறது. பொசுபேற்றுக் கலந்த சலவைத்தூளால் கழுவிய போத்தல் ஒன்றே முடிவைப் பொய்யாக்கப் போதும். ஆகவே அதை ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தால் அலசி, காய்ச்சி வடித்த நீரால் பலமுறை கழுவ வேண்டும். வாவியிலிருந்து நகரின் ஊடாக ஓடி மகாவலியில் சேரும் மெத எல போன்ற கலங்கல் ஓடையின் நீரை, எடுத்தவுடன் வடிகட்டுவதும் அவசியம். அதோடு, மாதிரி சேர்க்காத வெற்றுச் சோதனை ஒன்றும் கூடவே செய்யப்பட வேண்டும். அதுவும் நீலமானால் குறை நீரில் இல்லை, சோதனைப்பொருளில் உள்ளது. ஆசனேற்றும் இதே நீலத்தைத் தரும் என்பதால் அதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

கொதிக்க வைத்தால் எல்லாம் நீங்கிவிடும் என்ற நம்பிக்கையே மிக ஆபத்தானது. கொதித்தல் கிருமிகளைக் கொல்லும்; நைத்திரேற்றையோ நீர் ஆவியாகும் அளவுக்குச் செறிவாக்கும். குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். மலைச்சரிவில் மலகூடக் குழிக்குக் கீழ்ப்புறம் வெட்டிய கிணறுகள் நைத்திரேற்றுக்காகக் கட்டாயம் சோதிக்கப்பட வேண்டும். நைத்திரேற்றைக் கட்மியத்தால் நைத்திரைற்றாக மாற்றி, கிரீசு சோதனைப்பொருள் சேர்த்தால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும்.

ஒரு நிறச்சோதனை நல்ல முடிவு தந்தால் நீர் முழுவதும் பாதுகாப்பானது என்றும் ஆகாது. ஒவ்வொரு சோதனையும் தனக்குரிய பொருளையே தேடும். உதாரணமாக, குடிநீரில் ஈயத்துக்கு அதே நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம். பொசுபேற்றின் நீலமோ நைத்திரேற்றின் இளஞ்சிவப்போ ஈயத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. அதற்கு அணு உறிஞ்சல் கருவி போன்றவை உள்ள ஆய்வுகூடத்துக்கே மாதிரியை அனுப்ப வேண்டும்.