‘ஆகிவிடும்’ என்றால் எப்போது?

1907ஆம் ஆண்டு 18 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர், நிதித்துறையில் உதவித் தலைமைக் கணக்காயராகப் பணியேற்கக் கல்கத்தா வந்தார். போபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே சென்றார். அவரை முதலில் எதிர்கொண்டவர் அங்குப் பணிபுரிந்த ஆசுதோஷ் தே. அவ்விளைஞரே பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன். அலுவலக நேரத்திற்கு முன்னும் பின்னும் இராமன் நடத்திய ஆய்வுகளில் ஆசுதோஷ் தே பல்லாண்டுகள் துணைநின்றார். ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயரும் இடம்பெற்றது. அயலூரில் நம் திறமை பயன்தர, அவ்வூரார் ஒருவரின் நட்பு வேண்டும். இன்று கொல்கத்தாவோடு வணிகம் செய்வோர்க்கும் இது பொருந்தும்.

விளி முறை

வங்காள மொழியில் முன்னிலைச் சொற்கள் மூன்று: மதிப்புக்குரியவர்க்கு ‘ஆப்னி’, நெருங்கியவர்க்கு ‘துமி’, மிக நெருங்கியவர்க்கும் சிறுவர்க்கும் ‘துய்’. புதியவரிடம் ‘ஆப்னி’ என்றே தொடங்குக. பெயருடன் ‘பாபு’ சேர்ப்பது மரியாதை. ‘தாதா’ என்பது நம் ‘அண்ணா’வுக்கு நிகர். விடைபெறும்போது அவர்களும் நம்மைப் போலவே ‘போகிறேன்’ என்னாது, ‘வருகிறேன்’ என்னும் பொருளில் ‘ஆஷி’ என்பர்.

மென்மையான விடை

தஞ்சையில் அரிசி ஆலை நடத்தும் ஒருவர், குறுவை அறுவடைக்காகக் கொல்கத்தாவிலிருந்து சணல் சாக்குகள் வாங்குவதாகக் கொள்வோம். “வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுவீர்களா?” என்று தொலைபேசியில் வினவுகிறார். “ஹொயே ஜாபே” என்று விடை வருகிறது. ‘ஆகிவிடும்’ என்பது அதன் பொருள். உடனே முன்பணம் அனுப்புகிறார். வெள்ளிக்கிழமை வருகிறது; சாக்கு வரவில்லை. துர்கா பூஜைக்காக அங்கே கிடங்கு மூடப்பட்டுவிட்டது. இங்கே நெல் களத்தில் கிடக்கிறது, வானம் கறுக்கிறது.

இதில் எவரும் பொய் சொல்லவில்லை. ‘ஆகிவிடும்’ என்பது நல்லெண்ணத்தைத் தெரிவித்ததேயன்றி நாளைக் குறிக்கவில்லை. ‘தேக்சி’, அதாவது ‘பார்க்கிறேன்’ என்பதும் அத்தகையதே. நாமும் மறுக்க மனமின்றிப் ‘பார்க்கலாம்’ என்பதில்லையா? முகத்துக்கு நேரே ‘இல்லை’ எனச் சொல்லத் தயங்கும் பண்பு இரு நாட்டார்க்கும் உண்டு. நம் மொழியில் உடனே புரிந்துகொள்ளும் குறிப்பை அயல்மொழியில் தவறவிடுகிறோம்.

வினவும் முறை

‘ஆம்’ என்னும் ஒரு சொல்லால் விடையளிக்க இயலாத வினாவைக் கேட்பதே இதற்கு வழி. “தாதா, பூஜை விடுமுறை என்று தொடங்குகிறது? அதற்கு முன் லாரி எந்த நாளில் புறப்படும்?” எனக் கேட்டால் அது ஐயப்படுவதாகாது, அவர் திருநாளை நாம் மதிக்கிறோம் என்பதும் விளங்கும். மறுத்தாக வேண்டிய நிலையில் அவர்க்கும் மனம் நோகாமல் வேறொரு நாளைச் சொல்ல இடம் கிடைக்கும்.

‘கால்’ என்னும் வங்காளச் சொல் நேற்றையும் நாளையையும் குறிக்கும். வினைச்சொல்லைக் கவனியாதவர் தடுமாறுவர். எனவே பேசி முடித்ததும் தேதி, எண்ணிக்கை, தொகை ஆகிய மூன்றையும் எழுதி அனுப்புக. அவரது ஒப்புதல் எழுத்தில் வந்த பின்னரே முன்பணம் செலுத்துக.

பயிற்சி

சென்ற வாரம் நீங்கள் பிறரிடம் கேட்ட வினாக்களில் ‘ஆம்’ என்ற விடையோடு நின்றுவிட்டவை எத்தனை? அவற்றுள் ஒன்றை, நாளைக் குறித்துச் சொல்லவேண்டிய வினாவாக மாற்றி எழுதிப் பாருங்கள்.