ஏர் சஸ்பென்ஷன்: உயரம் சரிசெய்வது எப்படி?

நம்ம திருவள்ளூரில் 2022-இல் சி3 கார் தயாரிக்கத் தொடங்கிய சித்ரோயன், 1955-லேயே டி.எஸ். காரில் நைட்ரஜனும் எண்ணெயும் தாங்கும் சஸ்பென்ஷனைத் தந்தது. ஏர் சஸ்பென்ஷனில் கம்ப்ரஸர் அனுப்பும் காற்றுதான் வண்டியைத் தாங்குகிறது. உயரத்தை சென்சார் அளந்து ஈ.சி.யு.வுக்குச் சொல்லும்.

முதலில் சமதளம், டயர் பிரஷர் பாருங்க. பின் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு பக்கமும் டேப்பால் அளக்கணும். பல கார்களில் அந்த மில்லிமீட்டர் அளவுகளைத்தான் சாஃப்ட்வேர் கேட்கும்.

ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஒரு பக்கம் இறங்கியிருந்தால் காற்றுக் கசிவு இருக்கலாம். அளவை மாற்றி அதை மறைத்தால் கம்ப்ரஸர் ஓய்வின்றி ஓடிக் கெடும்.

ஸ்டாண்டு வைக்காமல் அடியில் போகாதீங்க. ஒரு வால்வு திறந்தாலே வண்டி நம் மேல் உட்கார்ந்துவிடும். நம்மை நம்பி வீட்டில் காத்திருக்கிறார்கள்!